கைமாத்துக்கும் ஒரு காகிதம்

(கூட்டமைப்பின் ஆண்டு விழாக் கூட்டத்தில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படித்தவள். வக்கீலும் இல்லை, அதிகாரியும் இல்லை. எங்கள் குழுவில் ஒன்பது வருஷமாக நோட்டு எழுதுகிறேன், அவ்வளவுதான். தாலுகா கோர்ட்டில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவிலிருந்து எங்கள் ஊருக்கு வந்து முகாம் நடத்தினார்கள். அதில் கேட்டுத் தெரிந்துகொண்டதையும், எங்கள் வீட்டில் நடந்ததையும் வைத்துத்தான் இன்றைக்குப் பேசப் போகிறேன். தெரிந்தவர்களுக்கும் சொந்தக்காரர்களுக்கும் கைமாத்துக் கொடுக்கும்போது நம்மை எப்படிக் காப்பாத்திக்கிறது என்பதுதான் விஷயம்.

நம்ம குழுவில் ஒருத்தர் 5,000 ரூபாய் உள்கடன் கேட்டால் என்ன செய்கிறோம்? எதுக்கு வேணும்னு கேட்கிறோம். பழைய தவணை பாக்கி இருக்கான்னு பார்க்கிறோம். எல்லாரும் பேசி தீர்மானம் போடுகிறோம். கையெழுத்து வாங்குகிறோம். மாசம் எவ்வளவு, எத்தனை தவணைன்னு நோட்டில் ஏத்துகிறோம். பஞ்ச சூத்திரம்னு நமக்குச் சொல்லிக்கொடுத்ததே அதுதான்: தவறாத கூட்டம், தவறாத சேமிப்பு, உள்கடன், ஒழுங்கான தவணை, ஒழுங்கான கணக்கு. இதில் யாருக்கும் கோபம் வருவதில்லை. "என்னை நம்பலையா"ன்னு யாரும் கேட்பதில்லை.

அதே அக்கா வீட்டுக்கு வந்து, வாசலில் உட்கார்ந்து, "ஒரு முப்பதாயிரம் இருந்தா கொடு, தை பிறந்ததும் தந்துடுறேன்"னு கேட்டால், பானைக்குள்ள இருந்து எடுத்துக் கொடுத்துவிடுகிறோம். பேப்பர் இல்லை, சாட்சி இல்லை, தேதி இல்லை. குழுவில் 5,000 ரூபாய்க்கு இருக்கிற ஒழுங்கு வீட்டில் 30,000 ரூபாய்க்கு இல்லை. காரணம் தாட்சண்யம். முகத்துக்கு நேரே எழுதிக் கொடுன்னு கேட்க நமக்கு வாய் வருவதில்லை.

எங்கள் அம்மாவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். அம்மா ஒரு கறவை மாட்டை விற்று 35,000 ரூபாய் வைத்திருந்தார். என் தங்கச்சி படிப்புக்குன்னு வைத்த பணம். எங்களுக்குச் சித்தப்பா முறை வேண்டிய ஒருத்தர், நல்ல மனுஷன், மகனை வெளிநாட்டு வேலைக்கு அனுப்பக் கேட்டார். அம்மா கொடுத்தார். அவர் ஏமாற்றவில்லை. மறு வருஷம் திடீர்னு நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து இரண்டு மாசம் கழித்து அம்மா போய்க் கேட்டார். பிள்ளைகள், "அப்பா எங்ககிட்ட ஒண்ணும் சொல்லலையே, பெரியம்மா"ன்னு சொன்னார்கள். அவர்கள் பொய் சொன்னதாக நான் இன்றைக்கும் நினைக்கவில்லை. நிஜமாகவே அவர்களுக்குத் தெரியாது. ஆனால் அந்த வீட்டில் ஒரு மருமகள், "செத்தவர் பேரைச் சொல்லி யார் வேணும்னாலும் கேட்கலாம்"னு சொன்னது அம்மா காதில் விழுந்தது. அன்றையிலிருந்து அம்மா அந்த வீட்டு நல்லது கெட்டதுக்குப் போவதில்லை. தங்கச்சி ஒரு வருஷம் படிப்பை நிறுத்தி மில் வேலைக்குப் போனாள். பணம் போனதைவிட, பொய் சொல்லிக் கேட்டவள்னு ஒரு பேச்சு வந்ததுதான் அம்மாவுக்கு ஆறவே இல்லை.

இதில் எனக்குப் புரிந்தது ஒன்றுதான். காகிதம் ஏமாற்றுகிறவனுக்காக மட்டும் எழுதுவது என்று நினைக்கிறோம். அப்படி இல்லை. பணம் கைமாறினபோது அந்த இடத்தில் இல்லாதவர்கள் இருக்கிறார்களே, பிள்ளைகள், மருமகள், அண்ணன் தம்பி, அவர்களுக்காகவும்தான் எழுதுவது. இறந்தவர் விட்டுப்போன சொத்து எவ்வளவோ அந்த அளவுக்கு அவருடைய கடனுக்கு வாரிசுகள் பொறுப்பு என்று சட்டம் சொல்கிறது. ஆனால் கடன் இருந்தது என்று காட்ட நம் கையில் ஏதாவது இருக்க வேண்டுமே!

இப்போது ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். குறித்துக்கொள்கிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள்.

முதலில், கொடுப்பதற்கு முன்னால் நம்மையே கேட்டுக்கொள்ள வேண்டியது. இந்தப் பணம் சொன்ன தேதிக்கு வராமல் ஆறு மாசம் தள்ளிப்போனால் நம் வீட்டில் எது நிற்கும்? பிள்ளை ஃபீஸ் நிற்குமா, குழுத் தவணை நிற்குமா, வைத்தியம் நிற்குமா? நிற்கும் என்றால் அந்தப் பணத்தைக் கொடுக்கக் கூடாது. கேட்டதில் பாதி நம்மால் முடியும் என்றால் பாதி கொடுக்கலாம். "இது பிள்ளை படிப்புக்கு எடுத்து வச்சது, தொட முடியாது, என்னால இவ்வளவுதான் ஆகும்"னு சொல்வதில் தப்பே இல்லை. எந்த வருமானத்தில் திருப்பித் தருவீர்கள் என்றும் கேளுங்கள். பருத்தி எடுத்தா, பால் காசுலயா, சீட்டு விழுந்தா? குழுவில் கேட்கிற கேள்விதானே.

இன்னொன்று. அடுத்தவருக்காக நம் பெயரில் குழுக் கடன் எடுத்துக் கொடுக்கவே கூடாது. "உன் பேர்ல எடு, தவணையை நான் கட்டுறேன்"னு சொல்வார்கள். நோட்டில் இருப்பது நம் பெயர், கையெழுத்து நம்முடையது. அவர்கள் இரண்டு தவணை கட்டாமல் விட்டால் நாம் மட்டும் இல்லை, குழுவே நிற்கும். அடுத்த முறை பேங்கில் கடன் கேட்கும்போது எல்லாரும் தலை குனிய வேண்டி வரும்.

இரண்டாவது, எப்படிக் கொடுப்பது. முடிந்தவரை பேங்க் கணக்கு வழியாகவோ, போனிலோ அனுப்புங்கள். வருமான வரிச் சட்டப்படி 20,000 ரூபாயோ அதற்கு மேலோ கடனை ரொக்கமாக வாங்கக் கூடாது. இரண்டு பக்கமும் விவசாய வருமானம் மட்டுமே உள்ளவர்களுக்கு அதில் விலக்கு உண்டு. ஆனால் பாஸ் புக்கில் வரி விழுந்தால் மட்டும் போதாது. பணம் போனது தெரியும், கடனாகப் போனது தெரியாது. "அது மொய்க்குக் கொடுத்தது", "பழைய பாக்கியைத் தீர்த்தது"ன்னு பின்னால் சொல்லிவிடலாம். அதனால் எழுத்தும் வேண்டும்.

மூன்றாவது, புரோநோட்டு. நம் ஊரில் நோட்டு எழுதி வாங்குவது என்று சொல்கிறோமே, அதுதான். எழுதுகிற விதம் இப்படி:

"இன்ன தேதி, இன்ன ஊரில் இருக்கும் இன்னார் மனைவி இன்னாருக்கு, இன்ன ஊரில் இருக்கும் இன்னார் மகன் இன்னார் எழுதிக் கொடுத்த பிராமிசரி நோட்டு. என் குடும்பச் செலவுக்காக இன்று தங்களிடம் நான் கடனாகப் பெற்றுக்கொண்ட ரூபாய் 15,000 (ரூபாய் பதினைந்தாயிரம் மட்டும்). இந்தத் தொகையைத் தாங்கள் கேட்கும்போது தங்களுக்காவது தங்கள் உத்தரவு பெற்றவருக்காவது செலுத்தி இந்த நோட்டைத் திரும்பப் பெற்றுக்கொள்வேன்."

வட்டி பேசியிருந்தால் எவ்வளவு என்று எழுத வேண்டும். வட்டி இல்லை என்றால் வட்டி இல்லை என்றே எழுதலாம். போஸ்ட் ஆபீஸில் கிடைக்கிற 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்பை ஒட்டி, அந்த ஸ்டாம்பு மேலேயே குறுக்காக வாங்குகிறவர் கையெழுத்துப் போட வேண்டும். ஸ்டாம்பு இல்லாத புரோநோட்டை கோர்ட்டில் சாட்சியமாக எடுக்க மாட்டார்கள். மற்ற பத்திரங்களைப் போல் பின்னால் அபராதம் கட்டிச் சரி செய்யவும் முடியாது. கையெழுத்துத் தெரியாதவர் என்றால் இடது கைப் பெருவிரல் ரேகை வைத்து, பக்கத்தில் இன்னார் ரேகை என்று எழுத வேண்டும். சாட்சி கட்டாயம் இல்லை. ஆனாலும் இரண்டு பேர் கையெழுத்து இருந்தால் நல்லது. அதில் ஒருவர் வாங்குகிறவர் வீட்டு ஆளாக இருக்கட்டும். அவர் வீட்டுக்காரம்மாவோ மகனோ சாட்சி போட்டால், நாளைக்கு "எங்களுக்குத் தெரியாது" என்ற பேச்சே வராது. எங்கள் அம்மா விஷயத்தில் அந்த ஒரு கையெழுத்து இருந்திருந்தால் போதும்.

திருப்பித் தர வேண்டிய தேதியை நோட்டில் போடலாமா என்று கேட்பார்கள். "கேட்கும்போது" என்று எழுதுவதுதான் வழக்கம். தேதி போட்டு எழுதினால் ஸ்டாம்பு கட்டணக் கணக்கே மாறிவிடும். அதனால் எந்த மாசம், எத்தனை தவணை என்று பேசினதை ஒரு சின்ன நோட்டுப் புத்தகத்தில் தனியாக எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

வெறும் பேப்பரில் கையெழுத்து வாங்கவும் கூடாது, நாம் கடன் வாங்கும்போது போட்டுக் கொடுக்கவும் கூடாது. ஸ்டாம்பு ஒட்டின வெற்று நோட்டில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், அதை நிரப்பிக்கொள்ள அவருக்கு நாமே அதிகாரம் கொடுத்த மாதிரி ஆகிவிடும். தொகை எண்ணிலும் எழுத்திலும் நிரம்பின பிறகுதான் பேனாவை எடுக்க வேண்டும்.

இன்னொரு முக்கியமான விஷயம், சகோதரிகளே. நோட்டு யார் பெயரில்? மாடு நம்முடையது, பால் காசு நம்முடையது, பூ எடுத்த கூலி நம்முடையது. நோட்டை மட்டும் வீட்டுக்காரர் பெயரிலோ மாமனார் பெயரிலோ எழுதி வாங்குகிறோம். நோட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவருக்குத்தான் கேட்கிற உரிமை. பணம் நம்முடையது என்றால் நோட்டு நம் பெயரில் இருக்கட்டும். இதைச் சண்டையாகச் சொல்ல வேண்டாம். எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்து "என் பேரை எழுதுங்க"ன்னு சொன்னால் போதும்.

நான்காவது, மூன்று வருஷக் கணக்கு. இதை நம்மில் நிறையப் பேர் கவனிப்பதில்லை. கேட்கும்போது தருவதாக எழுதின நோட்டு, அதன் தேதியிலிருந்து 3 வருஷத்துக்குள் கோர்ட்டுக்குப் போனால்தான் செல்லும். அதற்குப் பிறகு காலாவதி. "பத்திரமா பெட்டியில இருக்கு"ன்னு நினைத்துக்கொண்டே இருப்போம், பேப்பருக்கு உயிர் போயிருக்கும். கெடு முடிவதற்குள் அவர் ஒரு தொகை கொடுத்து, நோட்டின் பின்னால் தேதி போட்டு, வரவு இவ்வளவு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்தத் தேதியிலிருந்து மறுபடி 3 வருஷம். பணம் இல்லை என்றால், இவ்வளவு பாக்கி இருக்கிறது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாலும் சரி, புது நோட்டு எழுதி வாங்கினாலும் சரி. வரவும், பாக்கி எழுதிக் கையெழுத்துப் போடுவதும் 3 வருஷம் முடிவதற்குள் நடக்க வேண்டும். வரவு எழுதும்போது நாம் எழுதிக்கொண்டால் பயன் இல்லை. கடன் வாங்கினவர் கையெழுத்து இருக்க வேண்டும்.

ஐந்தாவது, நகை. பணம் இல்லை என்றால் நம் ஊரில் அடுத்துக் கேட்பது, "கழுத்துல கிடக்கிறதைக் கொடு, அடகு வச்சுட்டு மூணு மாசத்துல மீட்டுத் தர்றேன்" என்பது. நகையைக் கொடுத்து அவர்கள் பெயரில் அடகு வைத்தால் சீட்டு அவர்கள் பெயரில் இருக்கும். மீட்கிற உரிமையும் அவர்களுக்குத்தான். கெடு முடிந்து நோட்டீஸ் வந்தாலும் அவர்கள் வீட்டுக்குத்தான் வரும். ஏலம் போன பிறகுதான் நமக்குத் தெரியும். கொடுக்காமல் இருப்பதே நல்லது. கட்டாயம் உதவ வேண்டிய இடம் என்றால், நாமே போய் பேங்கிலோ கூட்டுறவு சொசைட்டியிலோ நம் பெயரில் வைத்து, சீட்டை நம் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். வந்த பணத்துக்கு அவர்களிடம் நோட்டு வாங்க வேண்டும். அவர்கள் கட்டாவிட்டால் வட்டி நம் தலையில்தான் விழும். ஆனால் நகை எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியும்.

ஆறாவது, செக். சிலர் நோட்டுக்குப் பதில் செக் கொடுப்பார்கள். செக்கில் போட்ட தேதியிலிருந்து 3 மாசத்துக்குள் பேங்கில் போட வேண்டும். பணம் இல்லை என்று திரும்பினால், பேங்க் தெரிவித்த 30 நாளுக்குள் எழுத்தில் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். நோட்டீஸ் கிடைத்து 15 நாளில் தரவில்லை என்றால், அடுத்த ஒரு மாசத்துக்குள் கோர்ட்டில் புகார் கொடுக்கலாம். நாள் கணக்குத் தவறினால் கஷ்டம். அதனால் செக் திரும்பின அன்றைக்கே ஒரு வக்கீலைப் பார்த்துவிடுங்கள்.

ஏழாவது, பணம் வரவில்லை என்றால். தெருவில் நின்று கத்துவது, அவர்கள் வீட்டுப் பாத்திரத்தைத் தூக்குவது, வண்டியைப் பிடுங்குவது, இதெல்லாம் வேண்டாம். நியாயம் நம் பக்கம் இருந்தும் கேஸ் நம் மேல் வந்துவிடும். கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ல் சட்டமே போட்டிருக்கிறார்கள். நம் பணத்தைக் கேட்கப் போய் நாம் அந்தக் கணக்கில் சேர்ந்துவிடக் கூடாது.

முதலில் சாட்சியையும் பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போய் நிதானமாகக் கேளுங்கள். மொத்தமாக முடியாவிட்டால் தவணை போடுங்கள். அதுவும் ஆகவில்லை என்றால் தாலுகா கோர்ட்டு வளாகத்தில் இருக்கும் சட்டப் பணிகள் குழுவுக்குப் போங்கள். 1987-ஆம் வருஷத்துச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி, பெண்களுக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே இலவச சட்ட உதவி உண்டு. வக்கீல் ஃபீஸ் நாம் கொடுக்க வேண்டியதில்லை. 15100 என்ற நம்பருக்குப் போன் பண்ணியும் கேட்கலாம். கேஸ் போடுவதற்கு முன்பே மக்கள் நீதிமன்றத்தில் இரண்டு பக்கத்தையும் கூப்பிட்டுப் பேசுவார்கள். அதற்குக் கோர்ட் கட்டணம் கிடையாது. இரண்டு பேரும் ஒத்துக்கொண்டு அங்கே முடிவானால் அது கோர்ட்டு தீர்ப்பு மாதிரியே செல்லும், அப்பீல் கிடையாது.

இவ்வளவும் சரி, சொந்தக்காரங்ககிட்ட எழுதிக் கொடுன்னு எப்படிக் கேட்கிறது, முறிஞ்சு போயிடாதா என்று கேட்பீர்கள். எனக்கும் அந்தத் தயக்கம் இருந்தது. போன வருஷத்துக்கு முந்தின வருஷம் என் மதினி, மகன் காலேஜ் ஃபீஸுக்கு 25,000 கேட்டார். பால் காசில் சேர்த்து என்னிடம் 15,000 இருந்தது. "மதினி, பதினஞ்சு தர்றேன். நாளைக்கே எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா என் பிள்ளைங்களுக்கும், உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா உங்க பிள்ளைங்களுக்கும் தெரியணும்ல? ஒரு நோட்டுப் போட்டுக்குவோம். எங்க அம்மா பட்டது உங்களுக்கே தெரியும்"னு சொன்னேன். மதினி கொஞ்ச நேரம் பேசவில்லை. காபி டம்ளரைக்கூட அப்படியே வைத்துவிட்டுப் போனார். அன்றைக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. மறுநாள் காலையில் வீட்டுக்காரரையும் கூட்டிக்கொண்டு, ஸ்டாம்பும் வாங்கிக்கொண்டு அவரே வந்தார். மதினி நோட்டு எழுதிக் கொடுத்தார், அண்ணன் சாட்சி போட்டார். பணத்தை மதினி பேங்க் கணக்குக்கே அனுப்பினேன்.

மாசம் 1,500 வீதம் பத்து மாசம். ஒவ்வொரு மாசமும் நோட்டில் வரவு, கையெழுத்து. நடுவில் ஒரு மாசம் அண்ணன், "இந்த மாசம்தான் கொடுத்தாச்சே"ன்னு கேட்டார். நான் வாய் திறக்கவே இல்லை. மதினியே நோட்டைப் பிரித்துப் பார்த்து, "இல்லீங்க, அது போன மாசத்துது"ன்னு சொல்லிவிட்டார். அந்த நோட்டு இல்லை என்றால் அன்றைக்கு இரண்டு குடும்பத்துக்கும் மனஸ்தாபம் வந்திருக்கும். கடைசித் தவணை வந்த அன்றைக்கு, முழுத் தொகையும் வந்துவிட்டது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு, நோட்டை மதினி கையிலேயே கொடுத்தேன். அதையும் நாம் சரியாகச் செய்ய வேண்டும். கடன் தீர்ந்த பிறகும் நோட்டை வைத்துக்கொண்டிருந்தால், கொடுத்தவர் மேல் சந்தேகம் வரும். வாங்கினவரையும் காகிதம் காப்பாற்ற வேண்டும்.

ஒரு வேண்டுகோளோடு முடித்துக்கொள்கிறேன். அடுத்த மாசக் கூட்டத்தில் ஒவ்வொரு குழுவும் அரை மணி நேரம் ஒதுக்கி, எல்லா உறுப்பினரும் தங்கள் கையால் ஒரு மாதிரி நோட்டு எழுதிப் பாருங்கள். எழுதப் படிக்கத் தெரியாத அக்காமார்களுக்குப் பக்கத்தில் இருப்பவர் எழுதிக் காட்டட்டும். கூட்டமைப்பும் இதைத் தீர்மானமாகப் போட்டால் நல்லது.

அதைவிட அவசரமான ஒன்று. இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் டிரங்குப் பெட்டியைத் திறந்து, யாரிடமாவது வாங்கின பழைய நோட்டு இருந்தால் அதன் தேதியைப் பாருங்கள். 3 வருஷம் ஆகப் போகிறது என்றால் இந்த வாரமே போய் ஒரு வரவோ புது நோட்டோ வாங்கிவிடுங்கள். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்று தள்ளிப் போடாதீர்கள்.